மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கு லீவு ரிசர்ச்: தீபாவளிக்கு ஆரம்பிச்சாத்தான் ஜூலைல முடியும்

வருஷா வருஷம் ஏப்ரல் கடைசில எனக்கு வாட்ஸ்ஆப்ல ஒரே மாதிரி மெசேஜ் வரும். "அக்கா, அடுத்த மாசம் லீவு, ஏதாச்சும் ரிசர்ச் பண்ணலாம்னு இருக்கேன், யாரையாவது தெரியுமா?" தெரியும்பா, நிறைய பேரைத் தெரியும், ஆனா ஏப்ரல் கடைசில கேட்டா நான் என்ன பண்றது, பந்தி முடிஞ்சு இலை எடுக்கற நேரத்துல வந்து உக்காந்தா ரசம் கூட கிடைக்காது. இத்தனை நாள் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணிட்டு இருந்தேன், இப்ப நைட் கால் முடிஞ்சு தூக்கம் வராம உக்காந்திருக்கேன், ஒரேயடியா எழுதிடறேன்.

மொதல்ல என் கதை. ஃபர்ஸ்ட் இயர் லீவுல ஒரு ஆஸ்பத்திரில ப்ராஜெக்ட் கிடைச்சுது, ரொம்ப சந்தோஷமா போனேன், எத்திக்ஸ் அப்ளிகேஷன், அதாவது ஆய்வு நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி கேக்கற மனு, ஏப்ரல்ல தான் போட்டாங்க, அப்ரூவல் வந்தது ஜூலை கடைசில. எட்டு வாரம் ஒரு ரூம்ல உக்காந்து பேப்பர் படிச்சேன், ஏசி குளிர்ல ஜாக்கெட் போட்டுக்கிட்டு. ஒரு பேஷண்ட் ரெக்கார்ட கூட தொட முடியல. அடுத்த வருஷம் தீபாவளி முடிஞ்ச வாரமே ஆரம்பிச்சேன், அந்த ப்ராஜெக்ட் கான்ஃபரன்ஸ்ல போஸ்டர் வைக்கற வரைக்கும் போச்சு. நான் அதுக்குள்ள ஒண்ணும் பெரிய புத்திசாலி ஆகிடல, தேதி மட்டும்தான் மாறுச்சு.

0. இது உங்களுக்கு வேணுமான்னு முதல்ல பாருங்க

ரெசிடென்சி சிஸ்டம், அதாவது ஸ்பெஷலிஸ்ட் ஆகறதுக்கான பயிற்சி முறை, 2010ல சிங்கப்பூருக்கு வந்ததுல இருந்து "பேப்பர் இல்லேன்னா ஸ்பெஷாலிட்டி கிடைக்காது"ன்னு ஒரு பயம் எல்லார்கிட்டயும் இருக்கு. போட்டி அதிகமா இருக்கற டிபார்ட்மெண்ட்ல ரிசர்ச் உதவும், உண்மைதான். ஆனா அதுக்காக மட்டும் பண்ணினா மூணாவது வாரமே வெறுத்துடும். வீட்டுல பணம் தேவைன்னா லீவுல டியூஷன் எடுங்க, ஒண்ணும் தப்பே இல்ல, நிறைய லீவு ப்ராஜெக்ட்டுக்கு சம்பளமே கிடையாது, அம்மா "டியூஷன் எடுத்தா கைல காசாவது வரும்ல"ன்னு சொன்னா அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டையும் பண்ணறவங்க இருக்காங்க, சாயங்காலம் டியூஷன், பகல்ல டேட்டா. நான் பண்ணேன். ஜூன் மாசம் முழுக்க பஸ்லயே தூங்கினேன்.

டியூக்-என்யுஎஸ் மெடிக்கல் ஸ்கூல்ல படிக்கறவங்க இதுக்காக அவ்வளவு தவிக்க வேண்டாம், உங்களோட நாலு வருஷ கோர்ஸ்ல மூணாவது வருஷத்துல பெரும்பகுதி ரிசர்ச்சுக்குத்தான். இந்த ஓட்டமெல்லாம் முக்கியமா யோங் லூ லின் (என்யுஎஸ்), லீ கோங் சியான் (என்டியூ) மெடிக்கல் ஸ்கூல்ல இருக்கற அஞ்சு வருஷ எம்பிபிஎஸ் பிள்ளைங்களுக்கும், வெளிநாட்டுல படிச்சிட்டு லீவுக்கு வீட்டுக்கு வர்றவங்களுக்கும் தான்.

1. காலண்டர பின்னாடி இருந்து எண்ணுங்க

"சம்மர் ரிசர்ச்"னு எல்லாரும் சொல்றோம், நம்ம ஊர்ல எந்த மாசம் சம்மர் இல்ல சொல்லுங்க. இங்க அதுக்கு அர்த்தம் மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும் கிடைக்கற லீவு, கழிச்சுக் கூட்டி எட்டு வாரம். எட்டு வாரம்னா 40 வேலை நாள். அதுல ஒரு பப்ளிக் ஹாலிடே, ஒரு ஃபேமிலி ட்ரிப், ஒரு காய்ச்சல்னு போனா 33 நாள் தேறும். இந்த 33 நாளையும் வேலைக்கு மட்டுமே செலவழிக்கணும்னா மத்த எல்லா ஏற்பாடும் முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

நான் நம்ம பண்டிகைய வெச்சு ஞாபகம் வெச்சுக்குவேன். தீபாவளிக்கு சூப்பர்வைசர் லிஸ்ட் ரெடி. பொங்கலுக்குள்ள மெயில் போயிருக்கணும். தைப்பூசம் முடியறதுக்குள்ள நேர்ல ஒரு தடவை பாத்துப் பேசியிருக்கணும். சித்திரை வருஷப் பிறப்புக்கு எத்திக்ஸ் அப்ரூவல் கைல இருக்கணும், இல்ல குறைஞ்சபட்சம் அவங்க கேட்ட திருத்தத்துக்கு பதிலாச்சும் போயிருக்கணும். ஒரு டிப், சீனப் புத்தாண்டு வாரத்துல மெயில் அனுப்பாதீங்க, பாதி டிபார்ட்மெண்ட் லீவுல இருக்கும், திரும்பி வர்றப்ப உங்க மெயில் முந்நூறு மெயிலுக்கு அடில கிடக்கும்.

வெளிநாடு போகணும்னு ஆசைன்னா காலண்டர் இன்னும் முன்னாடி போகும். அமெரிக்காவுல நிறைய ப்ரோக்ராம் நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள அப்ளிகேஷன மூடிடும். அதோட எலிஜிபிலிட்டிய மொதல்ல படிங்க, எல்லாரும் பேர் சொல்ற என்ஐஹெச் (அமெரிக்க அரசோட மருத்துவ ஆய்வு நிறுவனம்) சம்மர் இன்டர்ன்ஷிப் அமெரிக்க சிட்டிசனுக்கும் பிஆருக்கும் தான், எஸ்ஸே எல்லாம் எழுதி முடிச்சப்புறம் அதக் கண்டுபிடிச்ச ஜூனியர் ஒருத்தி எனக்குத் தெரியும். ஐஎஃப்எம்எஸ்ஏங்கற உலக மெடிக்கல் மாணவர் அமைப்பு மூலமா ரிசர்ச் எக்ஸ்சேஞ்ச் இருக்கு, அதுக்கு ஸ்கோர்னு பேரு, ஒரு மாசம் மாதிரி வேற நாட்டு லேப்ல இருக்கலாம், ஊர் சுத்திப் பாக்க அருமை, பேப்பர் எதிர்பாக்காதீங்க. ஆஸ்திரேலியால படிக்கறவங்களுக்கு நெஜமாவே சம்மர் டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், அதனால உங்க காலண்டர ஆறு மாசம் தள்ளிக்கோங்க, நல்ல விஷயம் என்னன்னா அந்த நேரத்துல இங்க லோக்கல் ஸ்டூடண்ட்ஸ் கிளாஸ்ல இருப்பாங்க, ஆஸ்பத்திரில போட்டி கம்மி. தமிழ்நாட்டுல எம்பிபிஎஸ் படிக்கற உங்க கசின்ஸ் கேட்டா ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) எஸ்டிஎஸ்ங்கற மாணவர் ஆய்வுத் திட்டத்தப் பத்தி சொல்லுங்க, 1979ல இருந்து நடக்குது, ரெண்டு மாச ப்ராஜெக்ட்.

2. என்ன வகை ஸ்டடி: இங்கதான் பாதிப் பேர் வழுக்கி விழறாங்க

எட்டு வாரத்துல எது முடியும்னு கேட்டா, என்னோட சொந்த அபிப்பிராயம் இது, ப்ரொஃப் யாராச்சும் படிச்சா திட்டலாம்.

வெட் லேப், அதாவது பயோபோலிஸ் மாதிரி இடத்துல செல், எலி, ஜெல்னு வேலை. ஏஸ்டார்ங்கற அரசு ஆராய்ச்சி அமைப்போட லேப்ஸ் எல்லாம் 2003ல திறந்த அந்த கட்டடத்தொகுதில தான், புவன விஸ்தால இறங்கினா கொஞ்சம் நடை. கத்துக்கறதுக்கு இத மிஞ்ச ஒண்ணும் இல்ல. ஆனா வெஸ்டர்ன் ப்ளாட் (புரதத்தக் கண்டுபிடிக்கற சோதனை) உருப்படியா வரவே உங்களுக்கு மூணு வாரம் ஆகும், அப்புறம் செல் கன்டாமினேட் ஆச்சுன்னா இன்னொரு ரெண்டு வாரம் காலி. டெக்னிக் கத்துக்கப் போறேன்னு போங்க, ரிசல்ட்டுக்குப் போகாதீங்க. வெளிநாட்டு யூனிவர்சிட்டி பிள்ளைங்க ஏஸ்டார்க்கு வர்றதுக்கு சிப்கான்னு ஒரு அவார்ட் இருக்கு, உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் அப்படி இருந்தா சொல்லிவிடுங்க.

சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது ஒரு கேள்விக்கு ஏற்கனவே வந்த பேப்பர் எல்லாத்தையும் முறையா தேடித் தொகுக்கறது. "எத்திக்ஸ் வேண்டாம், வீட்டுல இருந்தே பண்ணலாம்"னு எல்லாரும் இதுல குதிப்பாங்க. எத்திக்ஸ் வேண்டாம்ங்கறது சரி. ஆனா இத எழுதறதுக்கான ப்ரிஸ்மா செக்லிஸ்ட்ல 27 ஐட்டம், ப்ராஸ்பெரோங்கற ஆன்லைன் பதிவேட்டுல முன்கூட்டியே ரெஜிஸ்டர் பண்ணணும், ரெண்டு பேர் தனித்தனியா ஸ்க்ரீன் பண்ணணும், ரெண்டாயிரம் அப்ஸ்ட்ராக்ட் வந்து நிக்கும். கூட ஒரு நல்ல ஃப்ரெண்ட் இருந்தா மட்டும் இறங்குங்க, அந்த ஃப்ரெண்ட்ஷிப் தாங்குமான்னும் யோசிச்சுக்கோங்க.

கேஸ் ரிப்போர்ட் சின்னது, அழகா முடிக்கலாம், ஆனா விசித்திரமான கேஸ் உங்க லீவு தேதி பாத்து வார்டுக்கு வராது.

ரெட்ரோஸ்பெக்டிவ் சார்ட் ரிவியூ, அதாவது பழைய ரெக்கார்ட்ல இருந்து டேட்டா எடுத்து அலசறது. ஃபர்ஸ்ட் டைமர்க்கு நான் சிபாரிசு பண்றது இது, இல்லேன்னா ஏற்கனவே சேத்து வெச்ச கோஹார்ட் (ஒரே கூட்டத்த பல வருஷம் தொடர்ந்து பாக்கற ஸ்டடி) டேட்டால ஒரு சின்ன கேள்வி. சிங்கப்பூர் இந்த விஷயத்துல ரொம்ப பணக்கார ஊர். கஸ்டோ ஸ்டடில கேகேஹெச், என்யுஹெச்ங்கற ரெண்டு ஆஸ்பத்திரிலயும் 2009, 2010ல சேத்த கர்ப்பிணிகளையும் அவங்க குழந்தைகளையும் இன்னும் ஃபாலோ பண்றாங்க. நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு தெரியுமா, சிங்கப்பூர் இந்தியன் ஐ ஸ்டடி, 2007ல இருந்து 2009 வரைக்கும் 40 வயசுக்கு மேல உள்ள 3,400 இந்தியர்கள கண் பரிசோதனை பண்ணாங்க, நம்ம தாத்தா பாட்டி வயசுல இருக்கற யாராச்சும் அதுல போயிருந்தா ஆச்சரியமில்ல. இந்த மாதிரி டேட்டா வெச்சிருக்கற டீம் கூட சேந்தா, டேட்டா சேக்கற வேலை உங்களுக்கு இல்ல, கேள்வி கேக்கற வேலை மட்டும்தான்.

3. சூப்பர்வைசர் தேடறது

டாப்பிக் அப்புறம், ஆள் முதல்ல. பிடிச்ச டாப்பிக்ல கண்டுக்காத ப்ரொஃப் கூட மாட்டறதுக்கு, சுமாரான டாப்பிக்ல வாரம் ஒரு தடவை முகம் பாக்கற அசோசியேட் கன்சல்டண்ட் (ஜூனியர் ஸ்பெஷலிஸ்ட்) ஆயிரம் மடங்கு மேல். பெரிய பேர் பின்னாடி ஓடாதீங்க.

பப்மெட்ங்கற மருத்துவப் பேப்பர் தேடற வெப்சைட்ல போய் உங்களுக்குப் பிடிச்ச துறையையும் ஆஸ்பத்திரி பேரையும் போட்டு கடைசி மூணு வருஷ பேப்பர எடுங்க. கடைசில இருக்கற ஆத்தர் பொதுவா பாஸ். நான் பாக்கறது அது இல்ல, முதல் ஆத்தர் யாருன்னு பாப்பேன். முதல் பேர்ல ஸ்டூடண்ட் யாராச்சும் இருந்திருக்காங்களா? இருந்தா அந்த டாக்டர் பிள்ளைங்களுக்கு உண்மையிலேயே இடம் குடுக்கறவர். பத்து பேப்பர்லயும் ஸ்டூடண்ட் ஒருத்தர் கூட இல்லேன்னா நீங்க போய் அந்த வழக்கத்த மாத்தப் போறதில்ல. அப்புறம் அந்த முன்னாள் ஸ்டூடண்ட தேடிப் பிடிச்சு ஒரு தே தாரிக் வாங்கிக் குடுத்து கேளுங்க, அஞ்சு நிமிஷத்துல எல்லாம் தெரிஞ்சிடும். என்யுஎஸ்ல வோங் ஹாக் பூன் சொசைட்டின்னு ரிசர்ச்சுக்குன்னே ஸ்டூடண்ட்ஸ் சங்கம் இருக்கு, அங்கயும் விசாரிங்க.

மெயில் எழுதறது. ஸ்க்ரோல் பண்ணாம ஃபோன்ல ஒரே ஸ்க்ரீன்ல முடியணும், ஏன்னா அவர் ரெண்டு பேஷண்டுக்கு நடுவுல படிப்பார். நீங்க யாரு, எந்த வருஷம், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும் ஃப்ரீ, அவரோட எந்த பேப்பரப் படிச்சீங்க, அதுல உங்களுக்கு வந்த ஒரு கேள்வி, உங்களுக்கு என்ன தெரியும் (எக்செல் மட்டும் தெரியும்னா எக்செல்னே எழுதுங்க), 20 நிமிஷம் பாக்க முடியுமா. அவ்வளவுதான். "சின்ன வயசுல இருந்தே எனக்கு இதயத்து மேல ஆர்வம்"னு ஆரம்பிக்கற மெயில நான் இப்பவே டெலீட் பண்றேன், அவர் பண்ணமாட்டாரா. ஒரே மெயில பத்து பேருக்கு பேர் மாத்தி அனுப்பாதீங்க, ஒருத்தன் ப்ரொஃபோட பேர மாத்த மறந்து அனுப்பிட்டான், அவங்க ரெண்டு பேரும் ஒரே ரூம். பத்து நாள்ல பதில் வரலேன்னா ஒரு ரிமைண்டர். அதுக்கும் வரலேன்னா அடுத்த ஆள், மனசுல வெச்சுக்காதீங்க.

பாக்கப் போறப்ப இதெல்லாம் கூச்சப்படாம கேளுங்க: தினமும் நான் யார்கிட்ட போய் நிக்கணும், ரிசர்ச் கோஆர்டினேட்டர் இருக்காங்களா, எத்திக்ஸ் அப்ரூவல் ஏற்கனவே இருக்கா, டேட்டா கைல இருக்கா இல்ல இனிமேதான் எடுக்கணுமா, ஜூன்ல நீங்க ஊர்ல இருப்பீங்களா. கடைசிக் கேள்விய சிரிச்சுக்கிட்டே கேளுங்க, ஆனா கேளுங்க. ஜூன்ல ஸ்கூல் ஹாலிடே, பிள்ளை வெச்சிருக்கற கன்சல்டண்ட் எல்லாம் அப்பதான் லீவு போடுவாங்க.

4. பேப்பர் வேலை

இது போரிங்கா இருக்கும், ஆனா மொத்த விஷயமும் இங்கதான் நிக்குது.

மனுஷங்கள வெச்சோ அவங்க டேட்டா வெச்சோ எது பண்ணாலும் எத்திக்ஸ் போர்டு பாக்கணும். இங்க அரசு ஆஸ்பத்திரிங்க குழுமம் குழுமமா இருக்கும், சிங்ஹெல்த் பக்கம்னா போர்டு பேரு சிஐஆர்பி, என்ஹெச்ஜி பக்கம்னா டிஎஸ்ஆர்பி, யூனிவர்சிட்டிக்கு அதோட சொந்த ஐஆர்பி. பின்னாடி ரெண்டு சட்டம் நிக்குது, 2012ல வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2015ல வந்த மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம். ஸ்டூடண்ட் ப்ரின்சிபல் இன்வெஸ்டிகேட்டர் (ஸ்டடிக்கு தலைமைப் பொறுப்பாளர்) ஆக எதிர்பாக்காதீங்க, நீங்க ஸ்டடி டீம் மெம்பர், அவ்வளவுதான்.

நான் ஒரு வருஷத்த தொலைச்சுக் கத்துக்கிட்ட டிப் இதுதான்: புது அப்ளிகேஷன் போடறத விட, ஏற்கனவே அப்ரூவ் ஆன ஸ்டடில உங்க பேர சேக்கற அமெண்ட்மெண்ட் (திருத்த மனு) ரொம்ப சுலபம். அதனாலதான் மேல "அப்ரூவல் ஏற்கனவே இருக்கா"ன்னு கேக்கச் சொன்னேன். இருக்கற ஸ்டடியோட கேள்விக்குள்ளயே உங்க கேள்வி அடங்குமான்னு ப்ரொஃப் கூட உக்காந்து பாருங்க, அடங்கினா ரெண்டு மூணு மாசம் மிச்சம்.

சிட்டி (CITI) ட்ரெயினிங், அதாவது ஆய்வு நெறிமுறை பத்தின கோர்ஸ, டிசம்பர் லீவுலயே முடிச்சிடுங்க. ஆன்லைன், மாட்யூல் மாட்யூலா வரும், கண்ணு சொக்கும், சர்டிபிகேட்ட பத்திரமா வெச்சுக்கோங்க, அது இல்லாம உங்க பேர் ஸ்டடில ஏறாது. வேக்சினேஷன் ரெக்கார்ட், ரகசியக் காப்பு உறுதிமொழி, ஆஸ்பத்திரி பாஸ், கம்ப்யூட்டர் அக்சஸ், ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபார்ம், தனி ஆள், தனி காத்திருப்பு.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னு முணுமுணுக்காதீங்க. 2018 ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்துல சிங்ஹெல்த் டேட்டாபேஸ்ல புகுந்து 15 லட்சம் பேரோட விவரத்த திருடினாங்க, அன்னிக்குப் பிரதமரா இருந்த லீ சியன் லூங்கோட விவரமும் அதுல போச்சு. அடுத்த ஜனவரில ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் சிஸ்டத்த பாத்துக்கிட்ட ஐஹெச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளி அபராதம். அதுக்கப்புறம் "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பண்றேன், தம்ப் டிரைவ் குடுங்க"ன்னு கேட்டா கோஆர்டினேட்டர் உங்கள ஏற இறங்கப் பாப்பாங்க. பேஷண்ட்டோட ஐசி (அடையாள அட்டை) நம்பர் உங்க ஷீட்ல எந்த காலத்துலயும் இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல தான் எடுக்கணும்னா அங்கதான் எடுக்கணும், அதுக்கேத்த மாதிரி நாள எண்ணிக்கோங்க.

5. கேள்விய சுருக்குங்க, இன்னும் சுருக்குங்க

2016ல அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரா போர்னு அறிவிச்சதுல இருந்து நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் "சிங்கப்பூர் இந்தியர்களுக்கு ஏன் டயபெடிஸ் அதிகம்"னு கேட்டுக்கிட்டு வருவாங்க. அருமையான கேள்வி, அதுக்கு முப்பது வருஷமும் ஒரு இன்ஸ்டிட்யூட்டும் வேணும். உங்ககிட்ட 33 நாள் இருக்கு. "இந்த கிளினிக்ல போன வருஷம் கண் பரிசோதனைக்கு அனுப்பின டயபெடிஸ் பேஷண்ட்ல எத்தனை பேர் ஆறு மாசத்துக்குள்ள போனாங்க, போகாதவங்க யாரு?" இது முடியும். ஒரு எண் வரும், ஒரு டேபிள் வரும், கிளினிக்குக்கும் உபயோகம்.

டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே காலி டேபிள வரைஞ்சிடுங்க. தலைப்பு, வரிசை, பத்தி எல்லாம் போட்டு நம்பர மட்டும் விட்டுடுங்க. அந்த டேபிள நிரப்ப எந்த வேரியபிள் தேவையோ அத மட்டும் எடுங்க. "எதுக்கும் இருக்கட்டும்"னு நாப்பது வேரியபிள் எடுத்தவங்க யாரும் ஜூலைல முடிச்சதில்ல. 40 விஷயத்த ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்தா ஏதாச்சும் ஒண்ணோட பி-வேல்யூ (தற்செயலா வந்திருக்குமான்னு பாக்கற எண்) சும்மாவே 0.05க்கு கீழ வந்து நிக்கும், அத பிடிச்சுக்கிட்டு கதை எழுத வேண்டாம்.

6. எட்டு வாரம்

முதல் வாரம்: பத்தே பத்து ரெக்கார்ட் எடுத்துப் பாருங்க, டைமர் வெச்சு. ஒண்ணுக்கு 15 நிமிஷம்னா 200 ரெக்கார்டுக்கு 50 மணி நேரம், ஒரு நாளைக்கு கண்ணு எரியாம அஞ்சு மணி நேரம்தான் முடியும், ஆக பத்து வேலை நாள். இந்த கணக்க முதல் வாரமே ப்ரொஃப்கிட்ட காட்டுங்க. 500 ரெக்கார்ட் வேணும்னு அவர் சொன்னா, அழாம இந்தப் பேப்பர நீட்டுங்க, பெரும்பாலும் குறைச்சுக்குவார்.

ரெண்டுல இருந்து நாலாவது வாரம் வரைக்கும் வெறும் டேட்டா. இங்க நடக்கற பாவங்கள்: ஒரு செல்ல "120/80", அடுத்த செல்ல "பிபி நார்மல்". தேதி பாதி அமெரிக்க முறைல, பாதி நம்ம முறைல, அப்புறம் மார்ச் 4ம் ஏப்ரல் 3ம் கலந்து போகும். தகவல் இல்லாத இடத்துல 999 போட்டு வெச்சிட்டு அதையும் சேத்து சராசரி எடுத்து, பேஷண்ட்டோட வயசு சராசரி 140ன்னு ஸ்லைட்ல போட்ட ஆள் இந்த வழிகாட்டிய எழுதறவதான். ஒவ்வொரு வேரியபிளுக்கும் என்ன அர்த்தம், என்ன கோட்னு தனி ஷீட்ல எழுதி வைங்க. ஆஸ்பத்திரில ரெட்கேப்ங்கற டேட்டா சேக்கற சாஃப்ட்வேர் இருந்தா அதுல போடுங்க, சரியா செட் பண்ணி வெச்சா தப்பான வடிவத்துல போட்ட தேதிய அது ஏத்துக்காது. இருபது ரெக்கார்ட இன்னொருத்தர திரும்ப எடுக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்க.

அஞ்சாவது வாரம் சுத்தம் பண்றது. ஆறாவது வாரம் அனாலிசிஸ், புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ஆர் (R) இலவசம், எஸ்பிஎஸ்எஸ் யூனிவர்சிட்டில இருக்கும், எது உங்க டீம்ல தெரியுமோ அதையே பிடிங்க, புதுசா ஒண்ணு கத்துக்க இது நேரம் இல்ல. ஏழு, எட்டு எழுதறது. மெத்தட்ஸ் பகுதிய ரெண்டாவது வாரமே எழுதியிருக்கணும், அப்பதான் என்ன பண்ணோம்னு ஞாபகம் இருக்கும். சார்ட் ரிவியூ மாதிரி, நடந்தத பாத்து மட்டும் பதியற அப்சர்வேஷனல் ஸ்டடிக்கு ஸ்ட்ரோப் செக்லிஸ்ட், 22 ஐட்டம், பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டு எழுதுங்க. ரெஃபரன்ஸ் லிஸ்ட தானா போட ஸோட்டேரோ சாஃப்ட்வேர், இலவசம். கைல டைப் பண்ணாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை ப்ரொஃபுக்கு மூணு வரி: என்ன முடிஞ்சுது, எங்க சிக்கியிருக்கு, அடுத்த வாரம் என்ன. பதில் வராட்டியும் அனுப்புங்க. பின்னாடி பிரச்சனைன்னு வந்தா இந்த மெயில்தான் உங்க பக்கம் பேசும்.

7. தமிழ் தெரிஞ்சது இங்க சொத்து

பேஷண்ட்ஸ்கிட்ட நேர்ல கேள்வி கேக்கற ஸ்டடின்னா உங்களுக்கு திடீர்னு மவுசு வரும். தமிழ் மட்டும் பேசற வயசானவங்கள பல ஸ்டடில விட்டுடுவாங்க, பேட்டி எடுக்க ஆள் இல்லேன்னு. அப்படி விட்டா டயபெடிஸ் அதிகமா இருக்கற கூட்டமே கணக்குல வராம போயிடும். நீங்க டீம்ல சேந்தா அத சரி பண்ண முடியும், முதல் மீட்டிங்லயே சொல்லிடுங்க.

கேள்வித்தாள மொழிபெயர்த்துக் குடுப்பாங்க, அத அப்படியே படிக்காதீங்க, வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. என் செகண்ட் ப்ராஜெக்ட்ல "தங்களுக்கு நீரிழிவு நோய் உள்ளதா"ன்னு இருந்துச்சு. ஒரு பாட்டி இல்லவே இல்லேன்னு தலையாட்டினாங்க. கைப்பைல மெட்ஃபார்மின், நீரிழிவு மாத்திரை, ஸ்ட்ரிப் தெரியுது. "பாட்டி, இனிப்புநீர் இருக்கா?"ன்னு கேட்டேன். "அது இருக்கு கண்ணு, இருபது வருஷமா இருக்கு." தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்ககிட்ட "சுகர்"னு கேட்டாத்தான் புரியும், இங்க பொறந்து வளந்த வயசானவங்களுக்கு இனிப்புநீர். இதெல்லாம் நீங்களா மாத்திக் கேக்கக்கூடாது, ப்ரொஃப்கிட்ட சொல்லி கேள்வித்தாள்லயே சேக்கணும், அதுக்கு எத்திக்ஸ் போர்டுக்கு ஒரு அமெண்ட்மெண்ட் போகும், அதனால ஸ்டடி தொடங்கறதுக்கு முன்னாடியே நாலஞ்சு பேர்கிட்ட படிச்சுக் காட்டிடுங்க, உங்க வீட்டுப் பாட்டிய விட நல்ல ஆள் யாரு.

இன்னொண்ணு. "தம்பி டாக்டரா, இந்த மாத்திரை ஒத்துக்க மாட்டேங்குது"ன்னு கேப்பாங்க. நீங்க டாக்டர் இல்ல, ரிசர்ச்சுக்கு வந்த ஸ்டூடண்ட், இத கன்சண்ட் (சம்மதம்) எடுக்கறப்பவே தெளிவா சொல்லுங்க. நம்ம பெரியவங்க மரியாதைக்காகவே எல்லாத்துக்கும் சரின்னு கையெழுத்து போட்டுடுவாங்க, "நீ நல்லா படிக்கணும்யா, எங்க போடணும் சொல்லு"ம்பாங்க. அது சம்மதம் இல்ல. "வேண்டாம்னு சொன்னா உங்க வைத்தியத்துல ஒண்ணும் குறையாது, எனக்கும் வருத்தமில்ல"ன்னு ரெண்டு தடவை சொல்லுங்க, இப்ப நான் சொன்னத உங்க வார்த்தைல திருப்பிச் சொல்லுங்கன்னு கேளுங்க. கூட வந்த மகள் பதில் சொன்னா, மறுபடியும் அம்மாகிட்டயே திரும்புங்க.

8. யார் பேர் எங்க

ஜே மெக்லீன்னு ஒருத்தர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ரெண்டாவது வருஷ மெடிக்கல் ஸ்டூடண்ட், 1916ல பாஸ் ஹாவெல் ரத்தத்த உறைய வைக்கற பொருளத் தேடச் சொன்னார், இவருக்கு கிடைச்சது உறையாம தடுக்கற பொருள். அந்த வழிலதான் ஹெபரின் வந்துச்சு, வார்டுல நீங்க தினமும் பாக்கறது. கண்டுபிடிச்சது யாருங்கற தகராறு அவங்க காலத்துக்கு அப்புறமும் ஓயல. அவங்களுக்கே அந்த கதின்னா நமக்கு?

அதனால முதல் மாசமே கேளுங்க: "ப்ரொஃப், இந்த வேலைய நான் முடிச்சா ஆத்தர்ஷிப் எப்படி இருக்கும்?" மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களோட சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ விதில நாலு நிபந்தனை: திட்டத்துலயோ டேட்டாலயோ கணிசமான பங்கு, எழுதறதுலயோ திருத்தறதுலயோ பங்கு, கடைசி வடிவத்துக்கு சம்மதம், மொத்த வேலைக்கும் பொறுப்பு. வெறும் டேட்டா மட்டும் எடுத்துக் குடுத்தா நன்றி பகுதில தான் பேர் வரும், அது நியாயம்தான். ஆத்தர் ஆகணும்னா ட்ராஃப்ட்ல கை வைக்கணும், "ஒரு பகுதி நான் எழுதட்டுமா"ன்னு நீங்களா கேக்கணும். பேசி முடிச்சத அன்னிக்கு சாயங்காலமே மெயில்ல எழுதி அனுப்பிடுங்க.

எங்க அனுப்பறதுங்கறத ப்ரொஃப் சொல்வார். 1960ல இருந்து வர்ற சிங்கப்பூர் மெடிக்கல் ஜர்னல், 1972ல இருந்து வர்ற சிங்கப்பூர் அகாடமி ஆஃப் மெடிசினோட அனல்ஸ் ஜர்னல், ரெண்டும் உள்ளூர் டேட்டாவுக்கு பொருத்தமான இடம். "மதிப்பிற்குரிய டாக்டர்"னு ஆரம்பிச்சு மூணு நாள்ல பப்ளிஷ் பண்றோம்னு உங்க யூனிவர்சிட்டி மெயிலுக்கு வர்ற அழைப்ப திறக்காமயே தூக்கிப் போடுங்க, நீங்க இன்னும் டாக்டரே ஆகல.

9. ஜூலை கடைசி

கிளாஸ் ஆரம்பிச்சா நீங்க காணாம போயிடுவீங்க, எல்லாரும் போறதுதான். அதனால கடைசி வாரத்துல ஒரு நாள முழுசா ஒப்படைக்கறதுக்குன்னு ஒதுக்குங்க. டேட்டா ஷீட், கோட் ஷீட், அனாலிசிஸ் ஃபைல், ட்ராஃப்ட், எல்லாம் டீமோட ஃபோல்டர்ல, வேற ஒருத்தர் திறந்தா புரியற மாதிரி பேர் வெச்சு. "ஃபைனல்", "ஃபைனல் நிஜமா", "ஃபைனல் இதுதான்"னு மூணு ஃபைல் வெச்சிட்டு வராதீங்க. உங்க லேப்டாப்ல எதாச்சும் இருந்தா ப்ரொஃப்கிட்ட கேட்டு அழிச்சிடுங்க. பாஸ திருப்பிக் குடுங்க. அப்ஸ்ட்ராக்ட் டெட்லைன் எந்த கான்ஃபரன்ஸுக்கு எப்பன்னு கேட்டு ஃபோன்ல அலாரம் வைங்க, ஏன்னா அது உங்க டெஸ்ட் வாரத்துல தான் வரும்.

கோஆர்டினேட்டர் அக்காவுக்கு லிட்டில் இந்தியால டேக்கா பக்கம் போறப்ப ஒரு முறுக்கு டப்பா வாங்கிட்டுப் போங்க. எங்க கோஆர்டினேட்டர் ஒரு சீன ஆன்ட்டி, காரம் தாங்கமாட்டாங்க, அச்சு முறுக்கு குடுத்தேன். அடுத்த வருஷம் என் ஜூனியர் போனப்ப, "அந்த பூ மாதிரி இருக்குமே, அது கொண்டு வந்தியா?"ன்னு தான் மொதல்ல கேட்டாங்களாம்.